நிலவறையில் ஏசுகிறவர்கள்

தீ வைத்தது என் அண்ணன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப்பேர் இன்றைக்கும் "அது வயர் பழுதாம்" என்று சொல்லித் திரிகிறார்கள். வயரில் ஒரு பழுதும் இல்லை. 2005ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் நிலவறைக்கு அண்ணா இறங்கிப் போனான். ஒரு பழைய தாச்சிச் சட்டியில் பேப்பரைக் கசக்கிப் போட்டு, அதற்கு மேல் கைநிறையச் செத்தல் மிளகாயும் உப்பும் கொட்டி நெருப்பு வைத்தான். பக்கத்தில் யாரோ ஒதுக்கி வைத்திருந்த மெத்தை பற்றிக்கொண்டது. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது.

முதலாம் மாடியில் நோவாக் அம்மா இருந்தார். எழுபது தாண்டிய ஜெர்மன்காரி, தனியாள். என்ன நாற்றம் என்று பார்க்கக் கதவைத் திறந்து வெளியே வந்தவர் படிக்கட்டிலேயே விழுந்துவிட்டார். தீயணைப்புப் படையினர் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அண்ணா வாசலில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். யார் இதைச் செய்தது என்று பொலிஸ்காரர் கேட்டதும், வகுப்பில் பிள்ளைகள் கை உயர்த்துவதுபோலக் கையை உயர்த்தினான்.

அண்ணாவின் பெயர் ஜெகரூபன். அப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது. உயரம், அகன்ற தோள், மழித்த முகம். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அறிவு ஆறேழு வயதில் நின்றுவிட்டது. சப்பாத்து நாடா கட்டத் தெரியாது, மணிக்கூடு பார்க்கத் தெரியாது. பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவனை விசேட பாடசாலையில் சேர்த்தார்கள். அங்கே போகிற வான் எங்கள் ஆட்களின் கண்ணில் படுகிறது என்று அம்மா கொஞ்ச நாளில் நிற்பாட்டிவிட்டார்.

அம்மாவின் பெயர் தேவமலர். அவர் கெட்டிக்காரி. ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுவதும் அண்ணாவை மறைப்பதிலேயே செலவாகிப் போனது என்பதுதான் எனக்கு அவர்மேல் உள்ள கோபம். கலியாண வீடு, கோயில் திருவிழா, பிறந்தநாள் எங்கே போவதென்றாலும், காரில் ஏறமுன் அண்ணாவை இருத்திப் பாடம் கேட்பார். "சுகமா இருக்கிறன், நீங்கள் சுகமோ?" "ஓம், வேலை தேடிக்கொண்டிருக்கிறன்." "அம்மா அங்கை இருக்கிறா, கூட்டிக்கொண்டு வரட்டோ?" மூத்தவர்கள் வேறு எதைக் கேட்டாலும் "ஓம்" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். இந்தச் சில வசனங்களை வைத்துக்கொண்டு அண்ணா எத்தனையோ சபைகளைத் தாண்டி வந்தான். "பெடியன் கொஞ்சம் கூச்ச சுபாவம், நல்ல மரியாதை" என்று பெயரும் எடுத்தான்.

அப்பா தவராசா புற்றுநோயில் இறந்தபின், அண்ணாவுக்குப் புதிதாக ஒன்று தொடங்கியது. இரவு பகல் என்றில்லாமல் தரையில் காதை வைத்துக்கொண்டு படுப்பான். "கீழை இருந்து ஏசினம்" என்பான். யார் என்றால் தெரியாது. என்ன ஏசுகிறார்கள் என்றால் அழுவான். சில நாள் சாப்பாட்டைத் தொடமாட்டான். ஒருமுறை என் கையைக் கடித்துவிட்டான்.

நான் அப்போது டுசல்டோர்ஃபில் படித்துக்கொண்டிருந்தேன். வார முடிவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே சண்டைதான்.

"அம்மா, டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் நாள் கேட்டு டெர்மின் எடுத்துத் தாறன்."

"விசர் எண்டு எழுதிக் குடுத்திடுவாங்கள், மிதுசா. பிறகு உன்னை ஆர் கட்டுவான்?"

"என்னை ஒருத்தரும் கட்டத் தேவையில்லை."

"வாயைப் பொத்து. இது நாவூறு, ஆற்றையோ கண் பட்டிருக்கு. கழிச்சால் போயிடும்."

அம்மா கழித்தார். செத்தல் மிளகாய், உப்பு, நாற்சந்தி மண்ணுக்குப் பதிலாகப் பூச்சட்டி மண். எல்லாவற்றையும் கைக்குள் பொத்தி, அண்ணாவின் தலையைச் சுற்றி, பல்கனியில் வைத்திருந்த தாச்சியில் போட்டு எரிப்பார். மிளகாய் எரிந்தும் ஒருவருக்கும் இருமல் வராவிட்டால் நாவூறு பெரிது என்று கணக்கு. "பார் ராசா, அவையெல்லாம் எரிஞ்சு போட்டினம்" என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார். அவனும் அன்றைக்கு அடங்கிக் கிடப்பான். மிளகாய் அடக்கியதா, அம்மாவின் கை அடக்கியதா, யார் கண்டது? புகை மேலேயும் கீழேயும் போனது. நோவாக் அம்மா இரண்டு தரம் வீட்டு நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினார். அதற்குப் பிறகு அம்மா பல்கனியில் எரிப்பதை விட்டுவிட்டார்.

அம்மா எரிப்பதை விட்டதும், அண்ணா தானே எரிக்கத் தொடங்கினான். இரண்டு முறை குளியலறையில் பிடிபட்டான். அம்மா அதையும் மறைத்தார். மூன்றாவது முறைதான் அவன் நிலவறைக்குப் போனான். ஏசுகிறவர்கள் கீழே இருக்கிறார்கள் என்றால், கீழே போய்த்தானே கழிக்க வேண்டும்? அவனுடைய அறிவுக்கு அது சரியான யோசனை.

ஆனால் பொலிஸின் கண்ணுக்கு வேறு கதை தெரிந்தது. முறைப்பாடு எழுதிய கிழவி. அவளுடைய வீட்டுக்குக் கீழே நெருப்பு. நெருப்புக்குள் மிளகாய். புகை நெஞ்சை அறுக்கட்டும் என்று வேண்டுமென்றே போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாவூறு பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விசாரணைக்கு மொழிபெயர்க்க வந்தவர் விஜயரத்தினம் அண்ணை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஊரில் வாத்தியாராக இருந்தவர், நல்ல மனுசன், அப்பாவின் செத்தவீட்டில் தேவாரம் பாடியவர். அந்த நல்ல மனம்தான் எங்களைக் கவிழ்த்தது. நோவாக் அம்மாவில் கோபமா என்று பொலிஸ் கேட்க, அண்ணா மூத்தவர்களுக்குச் சொல்வதுபோல "ஓம்" என்று சிரித்தான். முறைப்பாடு எழுதியதாலா என்று கேட்க, அதற்கும் "ஓம்". தவராசாவின் மகன் ஒரு சொல்லில் பதில் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, விஜயரத்தினம் அண்ணை ஒவ்வொரு "ஓம்"ஐயும் நீட்டி, மடித்து, அயர்ன் பண்ணி முழு ஜெர்மன் வசனமாக்கிக் கொடுத்தார். வாக்குமூலத்தைப் படித்தபோது, பல்கலைக்கழகம் முடித்த ஒருவன் ஆற அமர இருந்து பழிவாங்கியதுபோல இருந்தது. மனநல மருத்துவர் ஒருவர் அண்ணாவைப் பார்க்கப் போனபோதும் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். கொஞ்சம் மந்தமே தவிர நோய் ஒன்றுமில்லை என்று மருத்துவர் எழுதிவிட்டார். குரல்களைப் பற்றி வெளி ஆட்களிடம் ஒரு சொல் பேசக்கூடாது என்று அம்மா எப்போதோ சத்தியம் வாங்கியிருந்தார். அண்ணா சத்தியத்தை மீறுகிறவன் இல்லை.

எங்கள் வழக்கறிஞர் இளம் பெண். நான்தான் தேடிப் பிடித்தேன். வழக்குக்கு முதல் வாரம் அம்மாவும் நானும் அவரிடம் போய், குரல்களையும் மிளகாயையும் பற்றிச் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். அண்ணா குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால், முன்பு ஒரு வழக்கும் இல்லாதபடியால் இரண்டு வருடத் தண்டனை கொடுத்து, அதை ஒத்திவைத்து வீட்டுக்கு அனுப்பக்கூடும். குரல் கேட்கிறது என்று சொன்னால் அவன் குற்றவாளி இல்லை, நோயாளி. சிறை இல்லை. ஆனால் காவலுள்ள மனநல மருத்துவமனையில் வைப்பார்கள். முன்பும் எரித்திருக்கிறான் என்று தெரிந்தால் நிச்சயம் வைப்பார்கள்.

"எவ்வளவு காலம்?" என்று கேட்டேன்.

"அதற்கு முடிவுத் தேதி கிடையாது. ஆபத்தில்லை என்று நீதிமன்றம் நம்பும்வரை. சிலர் ஒரு வருடத்தில் வருகிறார்கள். பத்து வருடம் இருக்கிறவர்களும் உண்டு."

நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போது அம்மா கேட்டார்: "பேசாமல் இருந்தால் பிள்ளை வீட்டை வருவானோ?"

"வரலாம், அம்மா."

"அப்ப பேசாமல் இருப்பம்."

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நானும் அம்மாவும் ஒரே பக்கத்தில் நின்றோம். எனக்கு அண்ணா வேண்டும். வீட்டுக்கு வந்தபின் நானே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன், இனி அம்மாவைக் கேட்கமாட்டேன் என்று முடிவு செய்தேன். அது கெட்ட திட்டம் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

வழக்கு அன்று காலையில் எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் பாதி, புதினம் பார்க்க வந்தவர்கள் பாதி. அண்ணாவைக் கூட்டி வந்தார்கள். மறியல் சிறையில் மெலிந்து போயிருந்தான். நீதிபதி பெயரைக் கேட்க, பெயரைச் சொல்லிவிட்டு, "சுகமா இருக்கிறன், நீங்கள் சுகமோ?" என்றான். விஜயரத்தினம் அண்ணை அதை மொழிபெயர்க்கவில்லை.

தீ வைத்தது நீதானா என்றதற்கு "ஓம்". வருந்துகிறாயா என்றதற்கு "ஓம். மன்னிச்சுக் கொள்ளுங்கோ." அது புதிதாகப் பழக்கிய வசனம். மறியலில் பார்க்கப் போன நாட்களில் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். மிளகாயை ஏன் போட்டாய் என்று நீதிபதி கேட்டபோது மட்டும் அண்ணா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவன் பேசாமல் இருந்தான். அரசாங்க வழக்கறிஞர் எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் விட உங்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி விளக்கினார். சாட்சி சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு அம்மா பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி தாண்டிவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

பிறகு நோவாக் அம்மா வந்தார். கைத்தடியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்ததைச் சொன்னார். இனித் தனியாகப் படி ஏற ஏலாது, முதியோர் இல்லத்துக்குப் போகப்போகிறேன், நாற்பது வருடம் இருந்த வீடு என்று சொன்னார். குரலில் கோபம் இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும்," என்றார். "இந்தப் பையன் என்னைக் கண்டால் ஓடிவந்து பையை வாங்குவான். என் குப்பை வாளியைக் கேட்காமலே வெளியே கொண்டுபோய் வைப்பான். என் பேரனே எனக்கு அப்படிச் செய்ததில்லை. இரண்டு கடிதம் எழுதினேன், உண்மை. அதற்கு இவ்வளவு வெறுப்பா? படுத்தால் அந்த மிளகாய்தான் நினைவுக்கு வருகிறது. நான் சாக வேண்டும் என்று நினைத்தானா?"

கேட்டுவிட்டு அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை. திரும்பி என் அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவுக்கு ஜெர்மன் பேச வராது, ஆனால் காதில் விழுந்தால் விளங்கும். எழும்பினார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, இருங்கோ. பிள்ளை வீட்டை வர வேணும்." அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

நீதிபதி, சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அம்மா முன்னால் போய் நின்றார். விஜயரத்தினம் அண்ணை அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அக்கா, யோசிச்சுக் கதையுங்கோ. சனம் இருக்கு."

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ, அண்ணை. வடிவாக்காதேங்கோ."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அவர் அப்படியே சொன்னார். அம்மா விட்ட இடத்தில் விட்டார், அம்மா திக்கிய இடத்தில் திக்கினார்.

"அந்த அம்மாவிலை என்ர பிள்ளைக்கு ஒரு கோவமும் இல்லை. அவனுக்குக் கோவம் வைக்கிற அளவுக்கு அறிவில்லை. பிறந்ததிலை இருந்தே இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவருக்கும் சொல்லேல்லை." விஜயரத்தினம் அண்ணையைக் காட்டினார். "கீழை இருந்து ஆக்கள் ஏசுறது அவனுக்குக் கேக்குது. ரெண்டு வருசமாக் கேக்குது. மிளகாய் எரிச்சால் அவை போயிடுவினம் எண்டு சொல்லிக் குடுத்தது நான். முந்தியும் வீட்டுக்குள்ளை எரிச்சவன். அதையும் நான் மறைச்சனான். நெருப்பு வைச்சது அவன்ர கை. பழக்கினது நான்."

பிறகு நோவாக் அம்மாவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்கள் சாகவேணும் எண்டு அவன் நினைக்கேல்லை. உங்கட வீட்டுக்குக் கீழையும் அவை இருக்கினம், உங்களையும் ஏசுவினம் எண்டு பயந்திருப்பான்."

அண்ணா வெளிறிப் போய் இருந்தான். அம்மா சத்தியத்தை முறித்துவிட்டாரே என்று பயந்தான். "அம்மா, சொல்லக்கூடாது," என்று சின்னக் குரலில் சொன்னான். விஜயரத்தினம் அண்ணை அதையும் ஜெர்மனில் சொன்னார். நோவாக் அம்மா கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

வழக்கை ஒத்திவைத்தார்கள். வேறு மருத்துவர், வேறு மொழிபெயர்ப்பாளர். அவர்களோடு அண்ணா பல நாள் பேசினான். கேட்கிற குரல்கள் எத்தனை, எந்த மூலையில் எந்தக் குரல் என்றெல்லாம் சொன்னானாம். அம்மாவின் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான். கடைசியில் வழக்கறிஞர் சொன்னதுதான் நடந்தது. குற்றவாளி இல்லை. மருத்துவமனை. முடிவுத் தேதி இல்லை.

தீர்ப்பு அன்று நான் அம்மாவோடு ஒரே ரயிலில் திரும்பி வரவில்லை. ஒரு கிழவி கேட்ட கேள்விக்காகப் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த தாய் உலகத்தில் வேறு எங்கேயும் உண்டா? இத்தனை வருடம் மறைத்தவர் இன்னும் ஒரு மணித்தியாலம் மறைத்திருக்கக் கூடாதா? கோடை முடியும்வரை ரெலிபோன் எடுத்தால் "சாப்பிட்டீங்களோ" என்பதோடு வைத்துவிடுவேன். எங்கள் ஆட்கள் சிலர் அம்மாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். சிலர் வீடு தேடி வந்து, தங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி இருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் இரண்டு பேருமாக அண்ணாவைப் பார்க்கப் போனோம். அந்த மருத்துவமனை நகரத்துக்கு வெளியே, உயர்ந்த வேலிக்குள் இருந்தது. பைகளைச் சோதித்து, இரண்டு இரும்புக் கதவு தாண்டி உள்ளே விட்டார்கள். மக்டலீன் என்ற தாதி அண்ணாவைக் கூட்டி வந்தார். அவன் கொஞ்சம் கொழுத்திருந்தான். கை லேசாக நடுங்கியது. ஆனால் கண் எங்களைப் பார்த்தது. தரையைப் பார்க்கவில்லை. அவன் தரையைப் பார்க்காமல் என்னோடு பேசி எவ்வளவு காலம் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

அம்மா கொண்டுவந்த வடையைச் சாப்பிட்டான். பட்டறையில் மரப்பெட்டிக்குச் சாயம் அடிக்கிறானாம். பச்சைச் சாயம் தன்னுடையதாம், வேறு ஒருவரும் தொடக்கூடாதாம். பிறகு இரகசியம் சொல்வதுபோல அம்மாவின் பக்கம் சாய்ந்தான்.

"அம்மா, அவை இப்ப ஏசுறேல்லை."

"ஆர் ராசா?"

"கீழை இருந்தவை. போட்டினம்." வாசலில் நின்ற மக்டலீனைக் காட்டினான். "அந்த அக்கா குளிசை தாறவ. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. முதல் மெல்லமா ஏசினவை. பிறகு போட்டினம்."

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லது ராசா. நல்லது."

அவன் வடையை மென்றுகொண்டே யோசித்தான்.

"அந்தக் குளிசை கடையிலை இருக்கிறதோ?"

"ஓம், ராசா. மருந்துக் கடையிலை இருக்கு."

"அப்ப ஏனம்மா நீங்கள் முந்தியே வாங்கித் தரேல்லை?"

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. தெரியாததைக் கேட்கிற பிள்ளையின் கேள்விதான். பதிலுக்காக அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயைத் திறந்தேன். மருந்து இப்போதுதான் வந்தது, அப்போது கடையில் முடிந்துவிட்டது என்று எத்தனையோ சொல்லலாம், எதைச் சொன்னாலும் நம்புவான். அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு வெக்கமா இருந்தது, ராசா," என்றார்.